அன்ஃபிட்

தமிழ்ப் பத்திரிகைகளின் விளையாட்டுப் பக்கங்களில் சௌரவ் கங்குலியைத் 'தாதா' என்று எழுதியிருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். நம் ஊரில் தாதா என்றால் அரிவாளும் அடியாட்களும் நினைவுக்கு வரும். வங்காளத்தில் தாதா என்றால் அண்ணன். மீன்காரர் தாதா, டிராம் கண்டக்டர் தாதா. வரிசையில் முந்திக்கொண்டு நுழைபவரிடம் சண்டை பிடிப்பதானாலும் முதலில் தாதா என்று சொல்லிவிட்டுத்தான் பிடிக்க வேண்டும். இந்த ஒரு சொல் புரியாவிட்டால் 2005ன் கடைசி மாதங்களில் கொல்கத்தா நடந்துகொண்ட விதமும் புரியாது. கேப்டனை மாற்றலாம். அண்ணனை எப்படி மாற்றுவது?

அப்போது நான் காளிகாட்டுக்குக் குடிவந்து ஓராண்டு ஆகியிருந்தது. கோயிலுக்குப் பின்புறம் ஒரு சந்தில் பழைய வீடு. வாசலில் ரோக். ரோக் என்பது நம் திண்ணைக்கு வங்காளத்தில் உள்ள பெயர். மாலையானால் அங்கே நாலைந்து பேர் உட்கார்ந்து உலகத்தைச் சரிசெய்வார்கள். தலைமை, வீட்டுக்காரர். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், நான் மேஷோமஷாய் என்று கூப்பிடுவேன். சித்தப்பா என்று வைத்துக்கொள்ளுங்கள். எதிர்க்கட்சி, லேக் மார்க்கெட்டிலிருந்து நடந்தே வரும் ஒரு தமிழ் மாமா. நாற்பது வருடம் தேயிலைக் கம்பெனியில் கணக்கு எழுதியவர். எதையும் வரவு செலவாகத்தான் பார்ப்பார். இருவருக்கும் நடுவில் மொழிபெயர்ப்பாளனாக நான். தமிழில் எம்.ஏ. படித்ததற்கு அந்த வயதில் எனக்குக் கிடைத்திருந்த உத்தியோகமும் அதுதான். ஆங்கிலச் செய்திகளைத் தமிழாக்கிச் சென்னைக்கு அனுப்புவது.

2005 செப்டம்பர் கடைசியில் அந்தச் செய்தி வந்தது. ஜிம்பாப்வே சுற்றுப்பயணத்திலிருந்து பயிற்சியாளர் கிரெக் சேப்பல் கிரிக்கெட் வாரியத்துக்கு அனுப்பிய மின்னஞ்சல் வெளியே கசிந்துவிட்டது. பத்திரிகைகள் அதை ஒரே வரியில் சுருக்கின: அணித் தலைமைக்குக் கங்குலி உடலாலும் மனத்தாலும் 'அன்ஃபிட்'. நான் யோசிக்காமல் 'தகுதியற்றவர்' என்று போட்டு அனுப்பிவிட்டேன். இரவு பத்தரை மணிக்குச் சென்னையிலிருந்து போன். பேசியவர் பிழைதிருத்துபவர். திருநெல்வேலிக்காரர், எங்கள் எல்லோருக்கும் அண்ணாச்சி.

"தம்பி, அன்ஃபிட்டுன்னா ஒடம்புக்கு முடியலன்னும் அர்த்தம், ஆளு லாயக்கில்லன்னும் அர்த்தம். தகுதியற்றவர்னு போட்டா அது சாபம். உடல்தகுதி இல்லைன்னு போட்டா அது டாக்டர் சீட்டு. அந்த வெள்ளக்காரரு இதுல எதச் சொல்லுதாரு?"

எனக்குத் தெரியவில்லை. யோசித்துப் பார்த்தால், அன்று நாட்டில் யாருக்குமே தெரியவில்லை. அடுத்த மூன்று மாதம் நடந்த சண்டை முழுக்க அந்த ஒரு சொல்லின் இரண்டு அர்த்தங்களுக்கு நடுவில் நடந்ததுதான்.

முதலில் மாமாவின் பேரேட்டைப் பார்ப்போம். பற்றுப் பக்கம் கனமாகத்தான் இருந்தது. 2003 டிசம்பரில் பிரிஸ்பேனில் அடித்த 144க்குப் பிறகு ஒன்றே முக்கால் ஆண்டு கங்குலி டெஸ்டில் சதம் அடிக்கவில்லை. 2005ல் பாகிஸ்தான் இங்கே வந்தபோது ஐந்து இன்னிங்ஸில் அவர் எடுத்தவை 21, 12, 12, 1, 2. கூட்டினால் 48. அந்தத் தொடரையடுத்த ஒருநாள் போட்டிகளில் ஓவர்களை மெதுவாக வீசவைத்ததற்காகத் தடை வேறு. உடம்பும் ஒத்துழைக்கவில்லை. 2004ல் பாகிஸ்தானில் முதுகு வலியால் முதல் இரண்டு டெஸ்ட்களில் ஆடவில்லை. அதே ஆண்டு அக்டோபரில் நாக்பூரில், பச்சைப் புல் படர்ந்த ஆடுகளத்தில், ஆட்டம் தொடங்கும் காலையில் காயம் என்று விலகினார். ஆஸ்திரேலியா 342 ரன் வித்தியாசத்தில் வென்று, 35 ஆண்டுகளுக்குப் பிறகு இந்திய மண்ணில் தொடரைக் கைப்பற்றியது. காயம் உண்மையா, புல்தான் காரணமா என்று அன்றே முணுமுணுத்தார்கள். 2005 இலையுதிர் காலத்தில் மிச்சத்துக்கு டென்னிஸ் எல்போ என்ற முழங்கை வலி.

"தலைவன்னா முதல்ல பதினோரு பேர்ல ஒருத்தனா நிக்கற தகுதி இருக்கணும். அப்புறம்தான் மத்ததெல்லாம். நாப்பத்தெட்டு ரன்னுக்கு நான் என்ன வட்டி போடறது?" என்பார் மாமா.

மேஷோமஷாயின் பக்கமும் காலியாக இல்லை. 2000ல் சூதாட்டப் புகாரில் இந்தியக் கிரிக்கெட்டே நாறிக் கிடந்தபோது, டெண்டுல்கர் வேண்டாமென்று இறக்கிவைத்த தலைமையை ஏற்றவர் கங்குலி. மறு ஆண்டே ஈடன் கார்டனில், தொடர்ச்சியாகப் 16 டெஸ்ட்களை வென்று வந்த ஆஸ்திரேலியாவை, பாலோ ஆன் வாங்கிய பிறகு 171 ரன்னில் வீழ்த்திய அணி அவருடையது. 2003ல் உலகக் கோப்பை இறுதி ஆட்டம். 2004ல் பாகிஸ்தான் மண்ணில் முதல் டெஸ்ட் தொடர் வெற்றி. ஹர்பஜன், சேவாக், ஜாகீர், யுவராஜ் என்று பையன்களை அழைத்துவந்து, தோற்றாலும் உட்காரவைக்காமல் ஆடவிட்டவர். 49 டெஸ்ட்களில் தலைமை, அவற்றில் 21 வெற்றி. அதுவரை எந்த இந்தியக் கேப்டனுக்கும் இல்லாத கணக்கு.

ஆசிரியராக இருந்தவரில்லையா, வெளிநாட்டு உதாரணமும் தயாராக இருந்தது. இங்கிலாந்தின் மைக் பிரியர்லி 39 டெஸ்ட் ஆடி ஒரு சதம்கூட அடித்ததில்லை. சராசரி 23ஐத் தொடவில்லை. ஆனால் தலைமை தாங்கிய 31 டெஸ்ட்களில் தோற்றது நாலே நாலு. 1981ல் தலைமையைத் துறந்து துவண்டிருந்த போத்தம், பிரியர்லி திரும்பி வந்ததும் ஹெடிங்லியில் ஆட்டமிழக்காமல் 149 அடித்தார். ஆஸ்திரேலியாவின் மார்க் டெய்லரோ 1997ல் மாதக்கணக்கில் அரைசதம்கூடக் காணாமல் தவித்தார். அவரைத் தூக்கு என்று ஊரே கத்தியது. தேர்வாளர்கள் பொறுத்தார்கள். எட்ஜ்பாஸ்டனில் 129 அடித்தார், அந்த ஆட்டம் போனாலும் ஆஷஸ் தொடர் வந்தது.

"கை வலித்தால் வைத்தியரிடம் அனுப்பு. ரன் வரவில்லையா, வலைப் பயிற்சிக்கு அனுப்பு. இரண்டையும் ஒன்றாக முடிந்து வீட்டுக்கு அனுப்புவது என்ன நியாயம்?" இது மேஷோமஷாய்.

இரண்டு பேருமே சரியாகத்தான் பேசினார்கள் என்பதுதான் சங்கடம். நல்ல சண்டைகள் எல்லாம் இப்படித்தான்.

பிறகு நடந்தவை தெரிந்த கதை. ஜிம்பாப்வேயில், புலவாயோ டெஸ்டில் 101 எடுத்த கங்குலி, பதவி விலகும்படி தன்னிடம் சொல்லப்பட்டதாகச் செய்தியாளர்களிடம் போட்டு உடைத்தார். பதிலுக்கு மின்னஞ்சல். மும்பையில் வாரியக் குழு இருவரையும் உட்காரவைத்துச் சமரசம் பேசியது. அக்டோபரில் இலங்கைக்கு எதிரான ஒருநாள் போட்டிகளுக்குத் திராவிட் கேப்டன். அந்த நேரம் பார்த்து முழங்கை வலி எல்லோருக்கும் வசதியாக வந்து சேர்ந்தது. காயம் இருக்கும்வரை யாரும் யாரையும் நீக்கியதாகச் சொல்ல வேண்டியதில்லையே. அவரோ துலீப் கோப்பையில் இறங்கிச் சதம் அடித்து, கை சரியாகிவிட்டது என்று காட்டினார். கை சரியான பிறகும் ஒருநாள் அணியில் இடமில்லை. அப்போதுதான் அன்ஃபிட் என்பதன் முதல் அர்த்தம் காலாவதியாகி, இரண்டாவது அர்த்தம் வெளியே தெரிந்தது.

நவம்பர் 25. ஈடன் கார்டனில் தென்னாப்பிரிக்காவுடன் ஒருநாள் போட்டி. கங்குலி இல்லாத இந்திய அணியை அவருடைய ஊரே கூச்சலிட்டு வரவேற்றது. இந்தியா 188. எதிரணிக் கேப்டன் கிரேம் ஸ்மித் தனியாகவே 134 அடிக்க, விக்கெட் இழக்காமல் அவர்கள் வென்றார்கள். ஒவ்வொரு பவுண்டரிக்கும் அரங்கம் கைதட்டியது. மேஷோமஷாய் அன்று அங்கே இருந்தார். இரவு வீடு திரும்பியவர் ரோக்கில் உட்காராமல் நேராக உள்ளே போய்விட்டார். மறுநாள் காலையில் என்னிடம் மட்டும் சொன்னார்: "நானும் கை தட்டினேன். முப்பத்தைந்து வருடம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்த கை. திராவிட் என்ன பாவம் செய்தான்?"

அடுத்த நாலாவது நாள் இதே கொல்கத்தாவில் நடந்த வாரியத் தேர்தலில் டால்மியா தரப்பு தோற்று, சரத் பவார் தலைவரானார். கங்குலியின் ஆட்டத்தோடு கொல்கத்தாவின் செல்வாக்கும் சரிந்துவிட்டது என்று ரோக் முடிவு கட்டியது. டிசம்பரில் இலங்கைக்கு எதிரான டெஸ்ட்களுக்கு அவரைச் சேர்த்தார்கள். டெல்லியில் 40, 39. இந்தியா வென்றது. உடனே அடுத்த டெஸ்டுக்கு நீக்கம். ஹாஸ்ரா சந்திப்பிலிருந்து எங்கள் சந்துவரை ஒரே பேச்சு. நகரத்தில் கொடும்பாவிகள் எரிந்தன. விஷயம் நாடாளுமன்றம்வரை போனது. வங்காளத்தில் நீக்குவதற்குப் 'பாத்' என்பார்கள். தாதாவைப் பாத் கொடுத்துவிட்டார்கள். சமையலில் வெங்காயத்தை விட்டுவிடு என்பதற்கும் அதே சொல்தான். அதுதான் அவர்களுக்கு வலித்தது என்று நினைக்கிறேன்.

இருபது வருடம் கழித்து, ஆற அமர உட்கார்ந்து தீர்ப்பு சொல்வது எளிது. இருந்தாலும் சொல்கிறேன். தலைமையிலிருந்து கங்குலியை விடுவித்தது சரி. அதற்குச் சாட்சி கங்குலியே. 2006 பிப்ரவரிக்குப் பிறகு பத்து மாதங்களுக்கு மேல் டெஸ்ட் அணிக்கு வெளியே இருந்து, டிசம்பரில் ஜோகன்னஸ்பர்க்கில் திரும்பி வந்தார். முதல் இன்னிங்ஸில் ஆட்டமிழக்காமல் 51. தென்னாப்பிரிக்க மண்ணில் இந்தியாவின் முதல் டெஸ்ட் வெற்றி அது. அணிக்குக் கேப்டன் திராவிட், பயிற்சியாளர் அதே சேப்பல். 2007ல் மட்டும் டெஸ்ட்களில் 1,106 ரன். ஈடனில் முதல் டெஸ்ட் சதம், பெங்களூரில் 239. ஐந்து ஆண்டுகள் சுமந்த மூட்டையை இறக்கிவைத்ததும் ஆள் நிமிர்ந்து நின்றுவிட்டார்.

அந்த மறுவருகையே சேப்பல் சொன்னது பொய் என்பதற்குச் சாட்சி என்பார் மேஷோமஷாய். வெளியே தள்ளியதால்தான் வைராக்கியம் பிறந்தது, ஆகவே தள்ளியது சரி என்பார் மாமா. இரண்டுமே பாதி உண்மை. இங்கே இரண்டு நாற்காலிகள் இருந்தன. ஒன்று கேப்டனுடையது, மற்றது இடதுகை ஆட்டக்காரருடையது. முதல் நாற்காலியில் அவர் களைத்துப் போயிருந்தார், இரண்டாவதில் அவருக்கு இன்னும் மூன்று வருடம் பாக்கி இருந்தது. இந்தப் பிரிவினையைச் செய்யாமல் விட்டதுதான் முதல் தவறு. முழங்கையின் பின்னால் ஒளிந்துகொண்டது இரண்டாவது. நேரில் சொல்ல வேண்டியதை அவர் பத்திரிகையில் படிக்கும்படி விட்டது மூன்றாவது. முடிவு சரியாக இருந்துவிட்டால் முறையைப் பற்றி யாரும் கேட்கமாட்டார்கள் என்று நிர்வாகங்கள் நினைக்கின்றன. முறைதான் மனிதர்களுக்கு ஞாபகம் இருக்கிறது.

ஆளை ஆராய்ந்து தெளிவதற்கு ஓர் அதிகாரம், தெளிந்தவரிடம் வேலையை ஒப்படைப்பதற்கு ஓர் அதிகாரம் என்று அடுத்தடுத்து வைத்தவர் வள்ளுவர். ஆராயாமல் ஒருவரை நம்புவதும், நம்பிய பிறகு அவரைச் சந்தேகிப்பதும் தீராத துன்பம் என்று எச்சரிக்கிறார். ஆனால் நம்பிக்கைக்கு உரியவராகவே இருந்த ஒருவருக்கு ஒரு நாள் முழங்கை வலித்தால், ரன்னும் வராவிட்டால், அவரிடம் எப்படிச் சொல்வது? அதற்கென்று ஓர் அதிகாரம் கிடையாது. அது நம் பொறுப்பு என்று விட்டுவிட்டார் போலிருக்கிறது. நாம் அதைக் கற்றுக்கொள்ளவில்லை.

கற்றுக்கொள்ளவில்லை என்பதற்குச் சான்று வேண்டுமானால் 2021 டிசம்பர். விராட் கோலியிடமிருந்து ஒருநாள் அணியின் தலைமை எடுக்கப்பட்டது. தேர்வுக் கூட்டத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்பு தொலைபேசியில் அழைத்தார்கள், உரையாடலின் கடைசியில்தான் இதைச் சொன்னார்கள் என்று செய்தியாளர் சந்திப்பில் கோலி கூறினார். இருபது ஓவர் தலைமையை விடவேண்டாம் என்று அவரைத் தானே கேட்டுக்கொண்டதாக வாரியத் தலைவர் சொல்லியிருந்தார். அப்படி யாரும் கேட்கவில்லை என்றார் கோலி. அந்த வாரியத் தலைவர் யார்? சௌரவ் கங்குலி. பதினாறு வருடங்களுக்கு முன்பு இந்த வலியை அனுபவித்தவர். முடிவு ஒருவேளை சரியாக இருக்கலாம், அன்றைக்குப் போலவே. சொன்ன விதத்தில்தான் மறுபடியும் ரகளை. மாமியார் கொடுமை அனுபவித்த மருமகள் மாமியாரான கதை நம் வீடுகளில் மட்டும் நடப்பதில்லை.

நல்ல முன்னுதாரணங்களும் இல்லாமலில்லை. 2008 நவம்பரில் கங்குலி தன் கடைசி டெஸ்டை ஆடியது அதே நாக்பூரில், புதிய மைதானத்தில். முதல் இன்னிங்ஸில் 85, இரண்டாவதில் முதல் பந்திலேயே பூஜ்யம். வெற்றி உறுதியான தறுவாயில், சில ஓவர்களுக்கு அணியை நடத்தும்படி அவரிடம் ஒப்படைத்தார் தோனி. செலவில்லாத காரியம், ஆனால் மூன்று வருடக் கசப்பில் பாதியை அது துடைத்தது. 2025 ஜனவரியில் சிட்னி டெஸ்டில், ரன் வராமல் தவித்துக்கொண்டிருந்த ரோஹித் சர்மா தானே ஒதுங்கிக்கொண்டு பும்ராவிடம் தலைமையைக் கொடுத்தார். காயம், ஓய்வு என்ற பசப்புகள் இல்லை. ரன் வரவில்லை, அதனால் விலகினேன் என்று தொலைக்காட்சியில் அவரே சொன்னார். அந்த ஆட்டத்தில் இந்தியா தோற்றது. முதுகுப் பிடிப்பால் பும்ராவே கடைசி இன்னிங்ஸில் பந்து வீச முடியாமல் போனது. ஆளை மாற்றினால் வெற்றி வந்துவிடும் என்ற உத்தரவாதம் எங்கும் கிடையாது. ஆனால் ரோஹித்தின் விஷயத்தில் கொடும்பாவி எதுவும் எரிந்ததாக நினைவில்லை.

இதையெல்லாம் ஒரு கிரிக்கெட் ரசிகனின் பொழுதுபோக்காக நான் எழுதவில்லை. அண்ணாச்சிக்காகத்தான் எழுதுகிறேன்.

அந்த போன் வந்த சில வருடங்களில் அவருக்குக் கண்ணில் புரை விழுந்தது. தலைப்பிலேயே எழுத்துப் பிழைகள் வர ஆரம்பித்தன. ஒரு முறை ஓர் இரங்கல் செய்தியில் பெயரே மாறிப்போனது. தேநீர் இடைவேளைகளில் எல்லோரும் இதைப் பற்றித்தான் பேசினோம். நான் சென்னைக்குப் போயிருந்தபோது நானும் பேசினேன். அவர் இல்லாவிட்டால் நம்மில் பாதிப் பேருக்கு ஒற்று எங்கே மிகும் என்றே தெரிந்திருக்காது என்று ஒரு கட்சி. அதற்காகத் தப்பும் தவறுமாக அச்சடிக்க முடியுமா என்று இன்னொரு கட்சி. எங்கள் ரோக்கில் நடந்த அதே விவாதம். ஒரே ஒரு வேலையை மட்டும் யாரும் செய்யவில்லை. அவரிடம் யாரும் பேசவில்லை. கண் அறுவைக்கு விடுப்பில் போனவர் திரும்பி வந்தபோது, அவருடைய மேஜையில் வேறொரு பையன் உட்கார்ந்திருந்தான். கையில் ஒரு கடிதம் கொடுத்தார்கள். அவருடைய உடல்நலம் கருதி எடுக்கப்பட்ட முடிவு என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது.

அன்று இரவு அதே பத்தரை மணிக்கு எனக்கு போன் செய்தார். கடிதத்தை நிறுத்தி நிறுத்தி வாசித்தார். கண் இப்போது நன்றாகத் தெரிகிறது என்று நடுவில் ஒரு தடவை சொன்னார். பிறகு கேட்டார்:

"தம்பி, இதத் தமிழ்ல நீ எப்படிப் போடுவ?"

அவரை மாற்றியிருக்க வேண்டுமா, கூடாதா என்று இன்றைக்குக் கேட்டால், மாற்றியிருக்க வேண்டும் என்றுதான் சொல்வேன். அச்சில் ஒரு மனிதரின் பெயர் தப்பாக வரக்கூடாது. ஆனால் அதை அந்த மாதங்களில் ஏதாவது ஒரு நாள், அவர் எதிரில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, 'அண்ணாச்சி, கண் சரியாகும்வரை வேறு வேலை பாருங்கள்' என்று நானே சொல்லியிருக்கலாம். அவரிடம் தமிழ் கற்றவன், எனக்கு அந்த உரிமை இருந்தது. நான் செய்யாததைத்தான் சேப்பலும் வாரியமும் செய்யவில்லை என்று இத்தனை நேரம் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.